சாட்சி நேரம்

விழுப்புரம்
16.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எஸ்றா எழுதுவது. நானும் பானுவும் சுகம். நீயும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்களா என்று வழக்கமாகக் கேட்பேன். இந்த முறை கேட்கவே வேண்டாம் போலிருக்கிறது. ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியே பதில் சொல்லிவிட்டீர்கள்.

போன வாரம் பானு ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போனாள். பஸ் ஸ்டாண்டு சுவரில் உன் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாளாம். "ஆபரேஷன் இல்லை! மருந்து இல்லை! மார்புக் கட்டி மறைந்தது! பாஸ்டரம்மா எப்சிபா ஜெயபாலின் சாட்சி" என்று எழுதியிருந்ததாம். வந்ததும் பேப்பரில் எழுதிக் காட்டினாள். கீழே ஒரு வரி: "உங்க அக்கா கண்ணாடி போட்டுக்கினு கலெக்டர் மாரி கீறாங்க."

எனக்குச் சந்தோஷம்தான் அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் உனக்குச் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கட்டி போய்விட்டது என்று எந்த டாக்டர் பார்த்துச் சொன்னார்?

போனில் கேட்கலாம்தான். கிரஷரில் கல் உடைத்த காது எனக்கு எதையும் உள்ளே விடுவதில்லை. பானு உன்னிடம் பேசி, அதை எனக்குக் கையை ஆட்டிக் காட்டி முடிப்பதற்குள் பாதி விஷயம் செத்துப்போகிறது. உன் போனும் சபைப் போனாகிவிட்டது. அதனால் பழையபடி கடிதமே எழுது.

உன் தம்பி,
எஸ்றா


திண்டிவனம்
30.06.2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அவருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பானுவுக்கு என் அன்பைச் சொல். அவள் திண்டிவனம் வரை வந்து வீட்டுக்கு வராமல் போனது எனக்கு வருத்தம். உங்கள் கல்யாணத்துக்கு மாமா வராததை அவள் இன்னும் மனதில் வைத்திருந்தால் நியாயம்தான். ஆனால் என்மேல் வைக்க வேண்டாம் என்று சொல்.

நடந்ததைச் சொல்கிறேன். மே மாதக் கன்வென்ஷன் கூட்டங்களுக்கு வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்ய ஒரு ஊழியர் வந்திருந்தார். கடைசி நாள் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். உடம்பெல்லாம் காய்ச்சல் வந்ததுபோல் சூடு பரவியது. நான் அழுதுகொண்டே தொட்டுப் பார்த்தேன். கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. நிஜமாகவே தட்டுப்படவில்லை தம்பி. அப்படியே மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். குணமானேன் என்றேன். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்து மாமா சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். இருபது வருஷ ஊழியத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இடம் போதவில்லை. வாசலில் பந்தல் போட்டிருக்கிறோம். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து சங்கவி என்று ஒரு பெண் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறாள். கரும்பு விவசாயக் குடும்பம். வீட்டில் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். எனக்கு வந்த அதே கட்டி அவளுக்கும். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள்.

டாக்டரைக் கேட்டாய். பெரிய வைத்தியர் பார்த்தபிறகு வேறு வைத்தியர் எதற்கு என்கிறார் மாமா.

ஜெபத்தில் நினைக்கும் அக்கா,
எப்சிபா


விழுப்புரம்
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். பானு வீட்டு நிலத்தில் மல்லாட்டை பிடுங்கினார்கள். ஒரு பை பச்சைக் கடலை அனுப்பியிருக்கிறேன், வேகவைத்துச் சாப்பிடுங்கள். மாமாவுக்கு வாயு என்றால் அவர் பங்கையும் நீயே சாப்பிடு.

மாமா சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். நீ என்ன சொல்கிறாய் என்று எழுதவில்லை. சின்ன வயதில் பரீட்சை மார்க்கைக் கேட்டால், "டீச்சர் நல்லாப் படிக்கிறேன்னு சொன்னாங்கப்பா" என்று அப்பாவிடம் சொல்வாயே, அது ஞாபகம் வந்தது. ஒரு நாள் விழுப்புரம் வா. நானே கூட்டிப்போய் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுகிறேன். இல்லை என்று வந்தால் போஸ்டரில் அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சங்கவி ஊசிக்கு ஒழுங்காகப் போகிறாளா? ஏன் கேட்கிறேன் என்று உனக்கே தெரியும்.

உன் தம்பி,
எஸ்றா


திண்டிவனம்
08.09.2024

பிரியமான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். மல்லாட்டை வந்தது. பதில் எழுத நாளாகிவிட்டது, கூட்டங்கள் அதிகம்.

பானு தையல் மெஷின் வைத்திருக்கிறாள் அல்லவா, எனக்கு நாலு ஜாக்கெட் தைத்துத் தரச் சொல். என் பழைய அளவே போதும். கை மட்டும் லூசாக, முழங்கை வரை வைக்கட்டும். வலது கையைக் கொஞ்சம் அதிகமாகவே லூசு வைக்கச் சொல். வெயிலுக்கு அதுதான் வசதி.

சங்கவி போன மாதத்தோடு ஊசியை நிறுத்திவிட்டாள். ஆராதனையில் எழுந்து, "அம்மாவுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா"ன்னு சொன்னாள். மாமா அவளை மேடைக்கு அழைத்து ஜெபித்தார். ஊசியை நிறுத்தியதும் தலைமுடி மறுபடி வளர ஆரம்பித்திருக்கிறது. நேற்று முக்காட்டை விலக்கி, "பாருங்கம்மா, மொளச்சிக்கினு வருது, கர்த்தரு குடுக்குறாரு"ன்னு என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பூனைக்குட்டி முடிபோல் மெத்தென்று இருந்தது.

அவளுக்காக நீயும் வேண்டிக்கொள்.

அக்கா,
எப்சிபா


விழுப்புரம்
22.09.2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. நேராகவே கேட்கிறேன்.

வலது கைக்கு மட்டும் வெயில் அடிக்கிறதா? ஜாக்கெட் தைக்க உட்கார்ந்த பானு மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். முகையூரில் அவள் சித்திக்கு இதே வியாதி வந்து இப்படித்தான் கை வீங்கியதாம். உன் கடிதத்தில் எழுத்தெல்லாம் கோட்டை விட்டுக் கீழே சரிந்து போகிறது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள் நீ.

கட்டி திரும்ப வந்துவிட்டதா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. ஜாக்கெட்டைக் கொடுக்கிற சாக்கில் நான் வருகிறேன்.

எஸ்றா


திண்டிவனம்
17.11.2024

என் அருமைத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இரண்டு மாதமாக உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். ஜாக்கெட் தபாலில் வந்தது, அளவு சரியாக இருக்கிறது. நீ வராமல் தபாலில் அனுப்பினாயே, அதற்கு உனக்குப் புண்ணியம். வந்திருந்தால் உடைந்துபோயிருப்பேன்.

திரும்ப வரவில்லை தம்பி. அது போகவே இல்லை. கன்வென்ஷன் முடிந்து மூன்று வாரத்தில் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. அன்றைக்கு மேடையில் எப்படித் தட்டுப்படாமல் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அழுகையிலும் சூட்டிலும் சரியாகத் தொடாமல் விட்டேனோ என்னவோ.

முதலில் இது சோதனை என்று நினைத்தேன். வாயைத் திறந்து சந்தேகத்தைச் சொன்னால் கிடைத்த சுகமும் போய்விடும் என்று எங்கள் சபையில் சொல்வது உனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. பிறகு போஸ்டர் வந்தது. ஜனங்கள் வந்தார்கள். மாமா ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரித்தார். ஒவ்வொரு மாதமும் மேடையில் நின்று குணமானேன் என்று சொன்னேன். ஒரு நாள் சொன்னது நிஜமாகிவிடும் என்று காத்திருந்தேன். இப்போது அக்குளில் புண்ணாகிவிட்டது. வாசனைக்குப் பவுடர் போட்டுக்கொள்கிறேன். மாமாவுக்குத் தெரியாது. உபவாசம் என்று சொல்லித் தனியாகப் படுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி எனக்குப் பயமில்லை என்று எழுதினால் அதுவும் பொய். பயமாக இருக்கிறது. ஆனால் அதைவிடப் பயம் சங்கவியைப் பார்த்தால் வருகிறது. அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. என் வார்த்தையை நம்பித்தான் அவள் ஊசியை விட்டாள். கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும், அவளை விட்டுவிடும் என்று கேட்கிறேன். நான் வாயைத் திறக்க வேண்டிய வேலையை அவர்மேல் போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

நீ வராதே. உனக்கு விசுவாசம் இல்லை என்று சொல்வாய். இருந்தாலும் எனக்காக ஏதாவது சொல்லிக் கேள்.

அக்கா


விழுப்புரம்
26.11.2024

அக்காவுக்கு,

வராதே என்றாய். போன ஞாயிறு வந்தேன்.

உங்கள் ஹாலுக்கு எதிரே டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பந்தல் வரைக்கும் கூட்டம். நீ மேடைக்கு வந்தாய். எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றவர்கள் உன் பேச்சைக் கேட்டார்கள், நான் உன் முகத்தைப் பார்த்தேன். மைக்கை இடது கையில் பிடித்திருந்தாய். வலது கையைப் புடவைக்குள் வைத்திருந்தாய். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. பந்தல் ஓரத்தில் ஒல்லியாக ஒரு பெண், முக்காட்டுக்குள் குட்டை முடி, நீ சொல்லச் சொல்ல வாயசைத்துக்கொண்டிருந்தாள். உன் சாட்சி அவளுக்கு மனப்பாடம். அவள்தான் சங்கவி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. உன்னைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

உன் உயிர் உன்னுடையது. வைத்துக்கொள், விட்டுவிடு, நான் அழுதுவிட்டுப் போகிறேன். அவள் உயிரை உன்னிடம் யார் கொடுத்தார்கள்? நீ கும்பிடுகிறவர் இதற்காகவா உன்னை மேடையேற்றினார்? சபை கலைந்தால் கலையட்டும். நீ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

எஸ்றா


திண்டிவனம்
08.01.2025

என் தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. பானுவையும் உன்னையும் இந்தப் புது வருஷத்தில் ஆண்டவர் காப்பாராக. எழுதாதே என்றாய், சொல்லிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். புண்ணைக் காட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "இத்தினி நாளு பக்கத்துலயே இருந்துகினு எனக்குத் தெரியலையே சிபா"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நாளைக்குச் சபையில் சொல்லப் போகிறேன் என்றேன். சபை உடைந்துவிடும் என்றார். ஆமாம் என்றேன்.

ஞாயிறு சாட்சி நேரத்தில் மைக்கை அவரே கொண்டுவந்து கொடுத்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்தே கொடுத்தார். அந்த ஒன்றுக்காக அவருடைய மற்ற எல்லாவற்றையும் நீ மன்னிக்க வேண்டும்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "கொணமாயிட்டேன்னு இங்க நின்னு சொல்லிக்கினு இருந்தேன். எனக்குக் கொணமாவல. கட்டி பெருசாயிடுச்சி. இது ஆண்டவரு செஞ்ச தப்பு இல்ல. அவரு செய்யாததைச் செஞ்சாருன்னு சொன்னது நான்தான். ஆனாலும் அவரை நான் விடல. சங்கவி, நீ ஊசிக்குப் போம்மா."

யாரும் ஆமென் சொல்லவில்லை. கீபோர்டு வாசிக்கிற பையன் என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டை ஆரம்பித்துவிட்டான். பாட்டு முடிவதற்குள் பந்தல் காலி. முன்வரிசையில் ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது தன் பேரப்பிள்ளையை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

சங்கவி மட்டும் போகவில்லை. என்னிடம் வந்தாள். அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்க விசுவாசம் தளந்து போச்சி, அதான் கட்டி திரும்பிடுச்சி. எனக்குத் தளராது. நான் உங்களுக்கும் சேத்து ஜெபம் பண்றேன்"ன்னாள்.

தம்பி, சொன்னால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். பொய்யை நம்பினவள் நிஜத்தை நம்பமாட்டேன் என்கிறாள். இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா,
எப்சிபா


விழுப்புரம்
26.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வலி எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

சங்கவி வீட்டுக்கு நானும் பானுவும் போயிருந்தோம். எனக்குத் தெரிந்த ஒரே வழி, புருஷனிடம் பேசுவது. பூவரசன் நல்ல மனுஷன். கரும்பு வெட்டு நடக்கும்போதே வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதைப் பானு அப்படியே எழுதிக் காட்டினாள்: "எனுக்கும் பயமாத்தான் கீது. ஆனா கட்டின்னு தெரிஞ்ச நாள்லேருந்து அவ தூங்கல. உங்க அக்கா பேச்சைக் கேட்டப்பறம்தான் பயமில்லாம தூங்குறா. அதையும் புடுங்கிக்கச் சொல்றீங்களா?"

சங்கவி எங்களுக்குக் காபி கொடுத்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். உனக்காக ஒரு வேளை சாப்பாட்டை விட்டு உபவாசம் இருக்கிறாளாம். கெட்டவளாக இருந்தாலாவது கோபப்படலாம்.

நவம்பரில் உன்னை அதட்டி எழுதினேன். சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். நீயாவது ஆஸ்பத்திரிக்குப் போ. என் பேச்சை இது ஒன்றிலாவது கேள்.

உன் தம்பி,
எஸ்றா


திண்டிவனம்
16.03.2025

பிரியமான தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். மாமா சுகம். பானுவுக்கு என் முத்தங்கள்.

உன் பேச்சைக் கேட்டேன். பிப்ரவரியில் புதுச்சேரி போனோம். டாக்டர் இளவயசுப் பெண். ஈரல் வரைக்கும் போய்விட்டது, ஊசி போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, வலிக்கு மாத்திரை தருகிறேன், வீட்டில் இருங்கள் என்றாள். மாமா வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான் எனக்கு ஊசி போடுங்கள் என்றேன். எதற்கு அம்மா கஷ்டம் என்றாள். போடுங்கள் என்றேன். என் உடம்பு தாங்குகிற அளவுக்குக் கொஞ்சமாகப் போடுகிறாள்.

எதற்கென்று உனக்குச் சொல்கிறேன், வேறு யாருக்கும் சொல்லவில்லை. சங்கவியை வரச்சொல்லி, "ஊசிக்குப் போறேன், ஐயாவால பாக்க முடியல, தொணைக்கு வர்றியா?" என்று கேட்டேன். உடனே வந்துவிட்டாள். அவளிடம் ஊசி போட்டுக்கொள் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அதைச் சொல்லும் தகுதியைத் தொலைத்துவிட்டேன். அவள் பார்க்கட்டும், அவ்வளவுதான். வாந்தி எடுக்கும்போது கிண்ணத்தைப் பிடிக்கிறாள். என் தலைமுடி கொட்டும்போது அவளே கூட்டி எடுக்கிறாள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தால் அதில் உட்கார்ந்து எனக்காக ஜெபிக்கிறாள். அந்தக் கட்டில் அவளுக்கானது என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

கட்டியை எடுத்துவிடும் என்று ஆண்டவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். கூட இரும் என்று மட்டும் கேட்கிறேன். இருக்கிறாரா என்று சில நாள் தெரியவில்லை. இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். முன்னே மேடையில் சத்தமாகச் சொன்னதைவிட இது கஷ்டம்.

சபையில் இப்போது பத்துப்பேர் வந்தால் அதிகம். பந்தலைப் பிரித்துவிட்டோம்.

அக்கா


விழுப்புரம்
13.04.2025

என் அக்காவுக்கு,

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்ப மனமில்லை. சங்கவி உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் தன் ஆரஞ்சை உரித்துப் பாதியை என் கையில் வைத்தாள். அவளும் நானும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம்.

எழுதாதே என்று ஒரு தடவை எழுதினேனே, அது என்னைத் தின்கிறது. இந்த உலகத்தில் எனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நீ ஒருத்திதான். இரண்டு வரியானாலும் எழுது. முடியாவிட்டால் வெறும் பேப்பரை மடித்து அனுப்பு, நான் புரிந்துகொள்கிறேன்.

நீ சொன்னபடி கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

உன் தம்பி,
எஸ்றா


திண்டிவனம்
29.06.2025

அன்பு மச்சானுக்கு,

ஜெயபால் எழுதுவது. நீங்களும் தங்கச்சி பானுப்ரியாவும் சுகம்தானே. நான் இருக்கிறேன்.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் கல்யாணத்துக்கு வராதவன், உங்கள் அக்காவைப் புதைக்கும்போது மட்டும் உங்கள் பக்கத்தில் நின்றேன். உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் பதில் எழுத உட்கார்ந்தாள். "என் தம்பிக்கு" என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. நான் எழுதித் தருகிறேன் என்றேன். நாளைக்கு என்றாள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

அடக்கத்தன்று நீங்கள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் கவனித்திருக்க மாட்டீர்கள். காற்றில் சங்கவியின் முக்காடு விலகியது. தலையில் முடி இல்லை.

ஏப்ரல் கடைசியில் எப்சிபாவுக்குப் போட்ட ஊசிதான் கடைசி. அன்றைக்கு அவளால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. அப்போது சங்கவி டாக்டரிடம் போய், எனக்கும் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கட்டிலிலேயே படுக்கவைத்துப் போட்டார்களாம். எப்சிபாவுக்கு அது தெரிந்ததா என்று கேட்டேன். "கண்ணைத் தொறந்து பாத்தாங்கய்யா, ஒண்ணும் சொல்லல"ன்னாள். இத்தனை பேர் சொல்லியும் கேட்காதவள், இப்போது மட்டும் ஏன் போட்டுக்கொண்டாய் என்றும் கேட்டேன். "நான் கும்புட்டா அவங்களுக்கு நல்லாயிடும்னு நம்பினேன். ஆவல. அவங்க அதுக்கும் என்னைக் கோச்சிக்கல, ஊசி போட்டுக்கோன்னும் கேக்கல. அப்பறம் நான் மட்டும் எப்படிய்யா வீட்டுக்குப் போறது"ன்னாள்.

முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இடையில் விட்ட மாதங்களில் எலும்புக்குப் போய்விட்டதாம். ஒரு வருஷம், கூடினால் இரண்டு. அந்த மாதங்களில் அவளை மேடைக்கு அழைத்து ஆர்ப்பரித்தவன் நான். எப்சிபா தன் பங்கைச் சபைமுன் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் பங்கை நான் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவள் விசுவாசம் குறைந்ததால்தான் செத்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள். நான் மறுத்தால் பொண்டாட்டிக்காகப் பேசுகிறேன் என்கிறார்கள்.

போன ஞாயிறு ஆராதனைக்கு ஏழு பேர். சாட்சி நேரம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். யாரும் எழமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சங்கவி எழுந்தாள். "எனக்கு இன்னும் கொணமாவலைங்க. ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஊசி போட்டுக்கினு கீறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவள் பெண் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

இருபத்தோரு வருஷமாகச் சாட்சிகளுக்கு ஆமென் சொல்லியிருக்கிறேன். இதற்குச் சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் கழித்துச் சொன்னேன். எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

ஒரு ஞாயிறு வாருங்கள் மச்சான். நம்ப வேண்டாம், பாட வேண்டாம். நான் என்ன பேசுகிறேன் என்று உங்களுக்குக் கேட்காது. கேட்காத ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால், இனி பொய் சொல்லாமல் பேசிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அவளை அடக்கம் செய்த ஊரிலிருந்து,
ஜெயபால்